வாக்கி டாக்கி வைத்திருந்த சிலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் சைக்கிளோட்டம் பற்றிய செய்தியில் 'வாக்கி டாக்கி வைத்திருந்த சிலரும் உடன் சென்றனர்' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். தண்ணீர்ப் போத்தல் கொடுத்த கடைக்காரர் பெயர் இருக்கிறது. மாலை வாங்கிக்கொண்ட மக்கள் பிரதிநிதி ஒய்.பி. பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. நாங்கள் 'சிலர்'. ரொம்பப் பெருமை.

கடையில் வாங்கியதும் பேசலாமே, 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி, அதற்குப் பரீட்சை கிடையாது. நாங்கள் பரீட்சை எழுதி, தொடர்புத் துறை ஆணையமான எம்.சி.எம்.சி.யிடம் 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அன்று துணைக்குப் போன மோட்டார் சைக்கிள்களில் இருந்தது ஏ.பி.ஆர்.எஸ்., வண்டி இருக்கும் இடத்தை ரேடியோவிலேயே தெரிவிக்கும் ஏற்பாடு. அமெரிக்கக் கடற்படை அகாடமியைச் சேர்ந்த பாப் புருனிங்கா உருவாக்கியது. ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை ரேடியோ 144.390 மெகாஹெர்ட்ஸில் சட்டென்று ஒரு கீச்சொலியாக அனுப்பிவிடும். குன்றின் மேலுள்ள டிஜிபீட்டர் அதைக் கேட்டு மறுபடி அனுப்பும். செம்பனைத் தோட்டத்துக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காத இடத்தில் ஒரு பையன் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எங்கள் வண்டி நின்ற இடம் ரேடியோவில் தெரிந்ததால் ஆம்புலன்ஸ் நேராக அந்த பிளாக்குக்கே போனது. உங்கள் நிருபர் அப்போது எங்கள் கூடாரத்தில்தான் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஊரார் மட்டும் என்ன? மழையில் டிவி படம் நின்றால் என் வீட்டு ஏரியலைத்தான் முறைக்கிறார்கள். கோயில் மண்டபக் கூரையில் ஓர் ஏரியல் வைக்க அனுமதி கேட்டால், 'ஒட்டுக் கேட்பதற்கா?' என்கிறது நிர்வாகம். சங்கேதத்தில் மறைத்து அனுப்புவதே எங்களுக்குக் கூடாது. நாங்கள் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதே மண்டபத்தில் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி அலறுகிறது, அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்தில் மின்சாரமும் தொலைபேசியும் போனது உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் எங்கள் ரேடியோ.

போன வருடம் அமெச்சூர் ரேடியோ பரீட்சை அறிவிப்பு அனுப்பினேன். இடமில்லை என்றீர்கள். அன்று ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருந்தது. என் ராசிக்கு 'பொறுமை தேவை' என்று வேறு!

அடுத்த அறிவிப்பையாவது அந்த ராசிபலனுக்குக் கீழே நாலு வரியில் போடுங்கள். இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
சுங்கை சிப்புட்