சுவருக்கு அந்தப் பக்கம்

கரையோரக் கலைத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

பாலத்தடியிலிருந்து மதகு வரை போகும் கால்வாய்ச் சுவரில் ஓவியம் தீட்டப் போகிறீர்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'குடியிருப்பையும் நீர்வழியையும் இணைக்கும் கலை' என்று அதில் ஒரு வரி. மெய்யாகவே நினைத்து எழுதிய வரியா, அறிவிப்பென்றால் அப்படி ஒன்று இருக்கட்டும் என்று எழுதியதா, தெரியவில்லை. நினைத்துத்தான் எழுதினீர்கள் என்று வைத்துக்கொண்டு இந்த மடலை எழுதுகிறேன்.

முப்பது வருடம் பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவன் நான். உங்கள் சுவருக்கு நேர் எதிரே வீடு. அதனால் பெயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அந்தத் தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

போன தடவை இதே சுவரில் டால்பின் வரைந்தார்கள். ஆளுயரத்துக்கு இரண்டு டால்பின், நடுவே ஒரு திமிங்கிலத்தின் வால். கால்வாயில் சாதாரண நாளில் ஓடுவது முழங்கால் தண்ணீர். வரைந்த பையன்களைக் குறை சொல்லமாட்டேன், நல்ல கைக்காரர்கள், ஒரே இழுப்பில் கோடு சுத்தமாக விழுந்தது. அவர்களை யாரும் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டவில்லை, அவ்வளவுதான். அந்த ஓவியம் இரண்டு மழைக்காலம் தாங்கியது. முதலில் டால்பினின் வயிற்றில் கொப்புளம் கிளம்பியது, அப்புறம் முதுகு தோல் தோலாக உரிந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு நாள் என்னிடம், "தாத்தா, இதுக்கு அந்தப் பக்கம் கடலா?" என்று கேட்டாள். பத்தடி தள்ளி ஓடுகிற தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை. சுவர் அவ்வளவு உயரம்.

என் மனக்குறை இதுதான். கால்வாயை மறைத்து நிற்கும் சுவரில் கால்வாயைப் பற்றி ஓவியம் வரைந்தால், மறைப்பு இன்னும் அழகாகிறது, அவ்வளவே. தண்ணீரின் படம் எங்களுக்கு வேண்டாம். இன்று அது எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது, எதுவரை ஏறும் என்று தெருவில் நிற்பவனுக்குச் சொல்லும் ஏதாவது வேண்டும். அதைக் கலை என்று சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், சில ஊர்களில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

பாரிஸில் சேன் ஆற்றின் அல்மா பாலத்தூணில் ஒரு படைவீரனின் கற்சிலை இருக்கிறது, 1856-இல் வைத்தது. போர் வெற்றியின் நினைவாகத்தான் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அவனை அளவுகோலாக்கிக்கொண்டார்கள். தண்ணீர் அவன் பாதத்துக்கு வந்தால் கரையோரப் பாதைகளை மூட வேண்டிய நேரம். 1910 பெருவெள்ளத்தில் தோள் வரை வந்தது. 1970-களில் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோதும் அவனை மட்டும் விடவில்லை. செக் நாட்டின் ஜெச்சீன் நகரில், எல்பே ஆற்றுப் படுகையில் ஒரு பாறை உண்டு. ஆறு வற்றினால்தான் வெளியே தெரியும். 1616 தொடங்கிப் பஞ்ச வருடங்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். கூடவே ஜெர்மன் மொழியில் ஒரு வரி: என்னைப் பார்த்தால் அழு. 2018-இலும் 2022-இலும் அது தலைகாட்டியது. வர்ணமில்லை, அலங்காரமில்லை. ஆனால் அந்தப் பாறையைப் பார்த்த பிறகு ஆற்றை வெறுமனே பார்க்க முடியாது.

எங்கள் சுவரிலும் அப்படி எழுதியிருக்கிறது, யாரும் படிக்கவில்லை. மதகுப் படிக்கட்டில் இறங்கி நின்று சுவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். அடியில் கரும்பச்சையாகப் பாசி, தொட்டால் வழுக்கும். அதன் மேல்விளிம்பு அன்றாடத் தண்ணீரின் மட்டம். அதற்கு மேலே இரண்டு முழ உயரத்துக்குப் பழுப்புப் பட்டை, வருடா வருடம் மழைக்காலம் விட்டுப்போவது. அதற்கும் மேலே, துருப்பிடித்த ஓர் இரும்பு வளையத்தை ஒட்டி, பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கோடு ஒன்று. அது ஒரே ஒரு ராத்திரியில் வந்தது. அன்றைக்கு என் பெயின்ட் டப்பாக்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, விடியும்போது நிலைக்கதவில் தண்ணீர் நின்ற இடத்தில் கறுப்பு எனாமலால் ஒரு கோடு இழுத்துவைத்தேன். இன்றும் இருக்கிறது. என் இடுப்புக்கு இரண்டு விரற்கடை கீழே.

அந்தக் கோட்டைத் தெரு நெடுகக் கொண்டுபோங்கள் என்பது என் முதல் யோசனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தண்ணீர் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் பிடித்தால், இந்த முனையில் தண்ணீர் நிற்கும் உயரமே அந்த முனையிலும். வெள்ளத்தின் மட்டத்தைத் தண்ணீரை வைத்தே அளக்கலாம், அது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தெரு பார்வைக்குச் சமதரை. உண்மையில் மதகுப் பக்கம் சரிகிறது. ஒரு வீட்டில் கோடு கணுக்காலில் விழும், நாலு வீடு தள்ளி நெஞ்சில் விழும், தெருக்கோடியில் என் தலைக்கு மேலே போகும். தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் யார் வீட்டுச் சாமானை முதலில் தூக்குவது என்று தெரியும். அமெரிக்காவின் போல்டர் நகரில் மேரி மிஸ் என்ற கலைஞர் 2007-இல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். மரங்களிலும் கட்டடங்களிலும் நீல வட்டங்களைப் பொருத்தினார், பெருவெள்ளம் வந்தால் நீர் எட்டக்கூடிய உயரத்தில். ஆறு வருடம் கழித்து, 2013 செப்டம்பரில், அந்த ஊருக்கு வெள்ளம் வந்தது.

வீட்டுச்சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். சிலர் மாட்டார்கள். வீட்டை விற்கும்போது விலை குறையும் என்பார்கள். கோட்டை அழித்தால் வெள்ளம் வராமல் இருக்குமா என்று நானே அவர்களிடம் பேசிக்கொள்கிறேன், அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்.

அடுத்தது மழைநீர் வடிகால். தெருவில் கம்பி மூடி போட்ட வாய்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையும் கால்வாய்க்குத்தான் போகின்றன, நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல். பாதிப் பேருக்கு இது தெரியாது. சாக்கடையும் மழைநீரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சுத்தமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, மிச்ச பெயின்ட்டையும் எண்ணெயையும் அதில் ஊற்றுகிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன், நானும் பிரஷ் கழுவிய டர்ப்பென்டைனை வருடக்கணக்கில் ஊற்றியவன்தான். பல நாடுகளில் வடிகால் வாயருகே ஒரு மீனை அச்சுத்தகடு வைத்து அடித்து, 'இது நேரே ஓடைக்குப் போகிறது' என்று எழுதுகிறார்கள். ஒரு தகடு வெட்டினால் நூறு இடத்தில் அடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். பால்டிமோர் நகரில் இதைவிடப் பெரிதாக யோசித்தார்கள். அங்கே சம்வால்ட் ரன் என்ற ஓடையைக் குழாய்க்குள் விட்டுத் தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். 2023-இல் அது ஓடும் தடத்தைத் தெருவின் மேலேயே வளைந்து வளைந்து போகும் நீலக் கோடுகளாக வரைந்து காட்டினார்கள். எங்கள் கால்வாய்க்கும் அப்படிப் புதைந்த கிளை ஒன்று உண்டு. மழை வலுத்த ராத்திரியில் மூன்றாம் சந்தின் நடுவே காதை வைத்தால் கேட்கும்.

இனி சுவர். இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். அது மண்ணையும் நீரையும் தாங்கும் சுவர், அதன் உடம்பில் எப்போதும் ஈரம் இருக்கும். பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே எமல்ஷன் பூசினால் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மாதிரி. உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்பைச் சுமந்துகொண்டு பின்னாலிருந்து தள்ளும். டால்பின் செத்தது அப்படித்தான். சுவர் மூச்சுவிடுகிற பூச்சு வேண்டும்: சுண்ணாம்பு, அல்லது சிலிகேட் பெயின்ட். பின்னது ஜெர்மனியில் 1878-இல் காப்புரிமை பெற்ற சரக்கு, புதிய கண்டுபிடிப்பல்ல. சுவரின் மேல் படலமாக உட்காராமல் சுண்ணாம்புக் காரையோடும் கான்கிரீட்டோடும் வினைபுரிந்து அதோடு ஒன்றிவிடும். ஆனால் பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் பிடிக்கும். அப்புறம், பின்னால் தேங்கும் நீர் வடிய சுவரில் வரிசையாக விட்டிருக்கும் வீப்ஹோல் துளைகளை யாரும் பூசி மூடிவிடக் கூடாது. போன தடவை, ஓவியம் வழவழவென்று வரவேண்டும் என்று பதினொன்றை மூடினார்கள். எண்ணிச் சொல்கிறேன்.

பெயின்ட்டே இல்லாமலும் செய்யலாம். ரோம் நகரில் டைபர் ஆற்றின் கரைச்சுவரில் வில்லியம் கென்ட்ரிட்ஜ் என்ற கலைஞர் 2016-இல் செய்த வேலையைப் பாருங்கள். 500 மீட்டருக்கு மேல் நீளம், 80-க்கும் அதிகமான உருவங்கள், சில 10 மீட்டர் உயரம். ஒரு சொட்டு வர்ணம் கிடையாது. காலகாலமாகச் சுவரில் படிந்த பாசி அழுக்கின் மேல் வெட்டுத்தகட்டை வைத்து, சுற்றியுள்ள அழுக்கை மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். கழுவாமல் விட்டதே உருவமாக நின்றது. கழுவிய இடத்தில் மறுபடி அழுக்குப் படியப் படிய உருவங்கள் மங்கிக்கொண்டே போகும், அது தெரிந்தேதான் செய்தார். எங்கள் சுவரின் உள்பக்கத்தில் அழுக்குக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆட்களின் உருவத்தை அதில் கழுவி எடுக்கலாம்: மதகுத் திருகைச் சுற்றுகிறவர், வலை வீசுகிறவர், துணி துவைக்கிறவர். மங்கினால் மங்கட்டும், மறு கோடையில் வேறு ஆட்கள் வருவார்கள். யாரை வரைவது என்று வருடா வருடம் தெருவில் ஒரு சண்டை நடக்கும், அதுவும் நல்லதே.

கோடை என்றதும் ஞாபகம் வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வெள்ள வாய்க்காலின் கான்கிரீட் சுவரில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய ஓவியம் ஏறக்குறைய அரை மைல் நீளம். அந்த வட்டாரத்து இளைஞர்கள் 400 பேருக்கு மேல் கோடைதோறும் இறங்கி வரைந்தார்கள். உங்கள் அறிவிப்பில் இருக்கும் கெடு நேர் மழைக்காலத்தில் விழுகிறது. தேதியை வைத்தவர் கால்வாயைப் பார்த்ததில்லை என்று மட்டும் தெரிகிறது.

ஓவியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சிறுமி தண்ணீரைப் பார்க்க முடியாதே, அதற்கு என்ன செய்வது? வெள்ளத் தடுப்புச் சுவரில் ஜன்னல் வெட்ட முடியாது என்று பொறியாளர்கள் சொல்வார்கள், நியாயம்தான். சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிற பெரிஸ்கோப் ஒன்று போதும்: ஒரு குழாய், முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில். கீழ்முனை சிறுமியின் கண்ணுயரத்தில் இருக்க வேண்டும், பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். இதற்கு ஆகும் செலவு டால்பினின் ஒரு துடுப்புக்கு ஆனதைவிடக் குறைவு.

கடைசியாக, சங்கடமான விஷயம். சுவரின் உள்பக்கத்தில் வாய் திறந்த குழாய்கள் ஏழு இருக்கின்றன. நாலு மழைநீர். மூன்று, வெயில் காலத்திலும் ஒழுகுகின்றன, வாசனையே சொல்லிவிடும். ஏழையும் சுற்றி வளையம் போட்டுப் பெரிய எண்ணாக எழுதுங்கள், பாலத்தில் நடப்பவனுக்குத் தெரிகிற மாதிரி. அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நானே செய்கிறேன், எண் எழுதுவதில் எனக்கு இன்னும் கை நடுங்கவில்லை. சீனாவின் செங்டு நகரில் பெட்ஸி டேமன் என்ற கலைஞரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து 1998-இல் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா அமைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் வடிவம். ஆற்றுநீர் கொஞ்சம் அதற்குள் ஏறி, படிவுக் குளத்தில் தெளிந்து, கற்சிற்பங்களில் சுழன்று, நாணலும் தாமரையும் வழியாக வடிகட்டிச் சுத்தமாகி வெளியே வருகிறது. மொத்த ஆற்றையும் அது சுத்தம் செய்யாது. ஆனால் அழுக்குத் தண்ணீர் நல்ல தண்ணீராவதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த அளவுக்கு இடமோ பணமோ உங்களிடம் இல்லை என்பது புரிகிறது. குழாய்க்கு எண் போடப் பணம் வேண்டாம், கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒதுக்கிய தொகையில் கால்பங்கைப் பராமரிப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குத் திட்டம் போடுங்கள். திறப்பு விழா மேடைக்கு ஒதுக்கியிருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் காலையில் நீங்களும் ஓவியர்களும் மதகடிக்கு வாருங்கள். ஆறரை மணிக்கு வந்தால் வெயில் சுவரின் உள்பக்கத்தில் சாய்வாக விழும், மூன்று கோடும் நன்றாகத் தெரியும். டியூப் லெவல் என்னிடம் இருக்கிறது. கேட்டின் சாவியை மதகுக்காரரிடம் வாங்கி வைக்கிறேன். மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
சுவருக்கு எதிர்வீட்டுக்காரன்