ரப்பர் பால் வெட்டும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

தோட்டத்துக்காரர் உங்கள் வெட்டைக் குறை சொன்னார் என்று மாமி போனில் சொன்னாள். நீங்களும் "வயசாயிட்டு, கை தளந்துட்டு" என்று ஒத்துக்கொண்டீர்களாம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் கவனம் அறுந்துபோவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவாகச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் தூக்கப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிற நான் சும்மா இருக்க முடியாது. குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கம் இதே கதை உள்ள வீடுகள் இன்னும் இருக்கும். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

மாமி சொல்வது இதுதான்: பலத்த குறட்டை, திடீரென்று சத்தம் நிற்கும், பிறகு திணறலாக ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. சத்தம் நின்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆபத்து அந்த நேரத்தில்தான் இருக்கிறது மாமா. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நனைந்த காகிதக் குழல் ஒட்டிக்கொள்வதுபோல மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. தூக்கத்தில் மூச்சு நிற்கிற இந்த நோயைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்போது மூளை உங்களை எழுப்பும், தொண்டை திறக்கிற அளவுக்கு மட்டும். காலையில் அது நினைவிலேயே இருக்காது. "நல்லாத்தான் தூங்குனேன்" என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். பத்து வினாடியாவது நீடிக்கிற நிறுத்தங்களையும் மூச்சுக் குறைவுகளையும்தான் நாங்கள் எண்ணுவோம். மணிக்கு 5 என்றாலே கவனிக்க வேண்டும், 30 என்றால் கடுமை.

இப்படி ராத்திரி முழுக்கத் துண்டு துண்டாகத் தூங்கிய மூளைக்கு முதலில் போவது கவனம்தான். கண் திறந்திருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும், நடுவில் சில வினாடி மூளை அங்கே இருக்காது. உங்கள் வேலையில் அந்தச் சில வினாடி போதும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரத்தின் தடிக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு மெல்லிசாகச் சீவ வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கத்தி தடியில் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், புதுப்பட்டை சரியாக வராது. உங்கள் வெட்டில் காயமே இருக்காது என்று ஊரே சொல்லும். அந்தக் கை மறந்துபோகவில்லை.

ஷீட் விற்ற பணத்தை எண்ணும்போது பாதியில் விட்டுப்போவதும், சொல்ல வந்தது நுனி நாக்கில் நின்றுபோவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். ஒன்றை மனசில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் செய்கிற திறனும் இதில் அடிபடும். எரிச்சலும் வரும். மாமியிடம் நீங்கள் காரணமில்லாமல் சீறுவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள், அதுவும் எனக்கு வருத்தம்.

"மூணு மணிக்கு எழும்புறவனுக்குத் தூக்கம் வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மழை பெய்து வெட்டு நிற்கிற நாட்களை நினைத்துப் பாருங்கள். விடியும்வரை படுத்து எழுந்தும் தலை கனக்கிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா, பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறதா? அப்படியானால் குற்றம் மூணு மணியுடையது மட்டும் இல்லை. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காததை டாக்டரிடம் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். "நான் குண்டு இல்லையே" என்பதும் செல்லாது. தாடை அமைப்பாலும் இது வரும், நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே வருகிறது.

உடம்பு வலிக்கென்று படுக்குமுன் ஊற்றுகிற அந்தக் கொஞ்சத்தை இன்றே நிறுத்துங்கள். அது தொண்டையை இன்னும் தளர்த்தும். மல்லாந்து படுக்காமல் ஒருச்சரிந்து படுங்கள். இந்தத் தூக்கக் கலக்கத்தோடு மார்த்தாண்டம் வரை பைக் ஓட்ட வேண்டாம், தம்பியைப் பின்னால் உட்கார வைக்காமல் அவனையே ஓட்டச் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபாப் கருவி தருவார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் என்று பயப்படாதீர்கள், சாதாரணக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவனும் கூட இருந்தவர்களும் 1981-ல் இதை வெளியிட்டார்கள். முகமூடி பழகச் சில வாரம் ஆகும், கோபம் வரும். தினமும் ராத்திரி முழுக்கப் போட்டால் பகல் தூக்கமும் கவனமும் பலருக்குத் தேறுகிறது. மறதி அத்தனையும் திரும்பிவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

அடுத்த மழைக்கு வெட்டு நின்றதும் சாயங்காலமே நாகர்கோவிலுக்கு வாருங்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்குப் போகலாம். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், பரிசோதனைக்குத் தலையில் வைக்கிற வயர் ஒட்டாது. மாமியைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அவளிடம்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்