ஜப்பானியப் பிள்ளைகள் வரும் நாளுக்காகக் கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. உன் கடிதத்தில் பாதி வீட்டுச் செய்தி, மீதி முழுக்க "ஜப்பானின் நாகானோவிலிருந்து 78 மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள், பொறுப்பு என் தலையில்" என்ற புலம்பல். வீட்டுக்கதையை நேரில் பேசிக்கொள்வோம். புலம்பலுக்கு இப்போதே பதில் எழுதுகிறேன், நவம்பர் வெகுதூரத்தில் இல்லை.

முதலில் தேதி. நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நவம்பர் முதல் வாரத்தில் உயர்நிலை 3 பிள்ளைகளுக்கு ஆண்டிறுதித் தேர்வு முடிந்திருக்கும், விடுமுறையும் தொடங்கியிருக்காது. உபசரிக்க ஆள் கிடைக்கும் வாரம்தான். ஆனால் அதே நாட்களில் மூத்த பிள்ளைகள் மண்டபத்தில் தேசியத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். விருந்தினர்கள் சோரான் புஷி ஆடப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஹொக்காய்டோ மீனவர்கள் ஹெர்ரிங் மீன் பிடிக்கும்போது பாடிய பாட்டு அது. "தொக்கொய்ஷோ! தொக்கொய்ஷோ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தாமல் அதை ஆட முடியாது. மெதுவாக ஆடச் சொல்வதில் பொருளே இல்லை. அதனால் தேர்வு அட்டவணையை இன்றே வாங்கு. காலைத் தாளுக்கும் பிற்பகல் தாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஆட்டத்தை வை. அது முடியாவிட்டால் தேர்வறைக்கு எட்டாத இடமாகத் தேடு.

இன்னொன்றையும் கேட்டு வை: உங்கள் பள்ளிக்கு வருவது அவர்கள் பயணத்தின் எத்தனையாவது நாள்? தோக்கியோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். இரவு விமானத்தில் வந்து காலையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே பள்ளிக்கு வரும் குழுக்களும் உண்டு. அப்படி வந்தால் வரவேற்புரையின்போதே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் என்றால் சரி.

இது அவர்களுக்கு வெறும் சுற்றுலா இல்லை என்பதை உங்கள் ஆசிரியர்களிடமும் சொல்லிவிடு. ஷூகாகு ரியோகோ என்ற இந்தப் பள்ளிப் பயணம் 1886இல் தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சோஷி என்ற கடற்கரை ஊர் வரை நடந்துபோனதிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்றும் அது பாடத்திட்டத்தில் சேர்ந்த ஒன்று. மேல்நிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டில், அதாவது 16, 17 வயதில் போவார்கள். உங்கள் உயர்நிலை 3 பிள்ளைகள் ஓரிரு வயது இளையவர்கள், அதனால் ஒன்றும் கெடாது.

கடிதப் போக்குவரத்தைப் பற்றிக் குறைபட்டிருந்தாய். பதில் தாமதமாக வருவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. நீ அனுப்பும் கேள்வி பயண முகவருக்குப் போய், அங்கிருந்து பொறுப்பாசிரியருக்குப் போய், அந்த ஆண்டின் வகுப்பாசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசிய பிறகுதான் உனக்குத் திரும்பி வரும். "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டால் மூன்று வாரம் ஓடிவிடும். "தூரிகை எழுத்துக்கலை வகுப்பு 9.50க்கா, 10.40க்கா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று கேள். அவர்கள் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அப்போதுதான் இடமாற்றம் வரும் என்பதையும் மறக்காதே. பிப்ரவரியில் நீ எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது வேறு பள்ளியில் இருக்கலாம். புதியவருக்கு அதுவரை பேசி முடித்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிடு.

கடைசித் திருத்தத்துக்கு ஒரு தேதி குறி. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஷிஓரி என்ற சிறு கையேடு இருக்கும். எத்தனை மணிக்கு எங்கே நிற்பது, எந்தக் குழுவில் யார், எதைப் பையில் வைப்பது என்று எல்லாம் அச்சாகியிருக்கும். அச்சுக்குப் போன பிறகு நீ ஓர் அறையை மாற்றினாலும் அந்தப் பக்கம் கலவரம்தான். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே நேர அட்டவணையைப் பூட்டிவிடு, அதற்குப் பிறகு உங்கள் முதல்வரே கேட்டாலும் திறக்காதே.

இனி, நாள் நன்றாகப் போவதையும் கெட்டுப்போவதையும் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது மேடை இல்லை, ஜோடி சேர்க்கும் பட்டியல். ஒருவருக்கு ஒருவர் என்று சேர்த்தால் இரண்டு பேரும் வாயடைத்துப் போவார்கள். அவர்கள் தரப்பில் மூன்று பேருக்கு மேல் ஒரே குழுவில் இருந்தால் ஜப்பானியத்திலேயே பேசிக்கொள்வார்கள். அவர்களில் இருவர், உங்களில் இருவர் என்று வை. 78 பேருக்கு 39 குழு. உங்கள் பக்கம் 78 பேரோடு ஆறு பேரைக் கூடுதலாகத் தயார் செய், அன்று காலையில் யாருக்காவது காய்ச்சல் வரத்தான் செய்யும். அங்கே வகுப்பிலேயே ஐந்தாறு பேர் கொண்ட நிரந்தரக் குழுக்கள் இருக்கும். அவற்றைக் கலைக்காமல் இரண்டிரண்டாகப் பிரித்துத் தரும்படி அவர்கள் ஆசிரியரிடமே விட்டுவிடு. யார் யாருடன் ஒத்துப்போவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

பெயர்ப்பட்டியலை ரோமன் எழுத்தில் கேள், "எப்படிக் கூப்பிட வேண்டும்" என்று தனிக் கட்டமும் போட்டுக் கேள். கழுத்தில் தொங்கும் பெயரட்டையில் பெயரை இரண்டு பக்கமும் அச்சிடு. அட்டை திரும்பிக்கொள்ளும், பிறகு நாள் முழுக்க வெறும் பக்கம்தான் தெரியும். எழுத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். குழு எண்ணும் அதிலேயே இருந்தால் பாதி அறிவிப்பு மிச்சம்.

பேருந்துகளைக் காலை 8.15க்கு முன்னால் வரச் சொல்லாதே. பெற்றோர் கார்களோடு வாசலில் மாட்டிக்கொண்டால் உங்கள் பாதுகாவலர் பாடு திண்டாட்டம். கொடியேற்றத்துக்கு அழைக்கலாமா என்று உங்கள் முதல்வர் கேட்பார். அழைத்தால் அவர்கள் மரியாதையோடு நின்றால் போதும், நம் தேசியப் பற்றுறுதியை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அவர்கள் விடுதியில் ஐந்தரைக்கே எழுந்தாக வேண்டும். எனக்கு அது தேவையாகப் படவில்லை.

வரவேற்பு 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பேச்சை இன்னொருவர் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும், மூன்று பேர் பேசினால் அரைமணி போய்விடும். பேச்சுகளை முன்னதாக வாங்கி அவர்கள் மொழியில் திரையில் காட்டிவிடு, பேசுகிறவர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசட்டும். குழுப்படத்தைக் கடைசியில் வைக்காதே. வரவேற்பு முடிந்த கையோடு எடுத்துவிடு. 156 பேரைப் படிக்கட்டில் நிறுத்தவே பத்து நிமிடம் ஆகும். பிற்பகல் என்றால் இடிமழை, வியர்வை, பேருந்து அவசரம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். இரு பக்கப் பெற்றோரின் புகைப்பட ஒப்புதலையும் முன்பே வாங்கி, படம் வேண்டாம் என்றவர்களின் பெயரட்டையில் சிறிய வண்ணப்புள்ளி ஒட்டிவிடு. படமெடுப்பவர் யாரையும் தனியே கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டியிருக்காது.

வெயிலை லேசாக எண்ணாதே. அங்கே வழக்கமாக அக்டோபரிலேயே குளிர்காலச் சீருடைக்கு மாறிவிடுவார்கள். கம்பளிக் கோட்டோடு 32 பாகை வெப்பத்தில் இறங்குவார்கள், ஆசிரியர் சொல்லாமல் கழற்றவும் மாட்டார்கள். "பள்ளிக்குள் அரைக்கைச் சட்டை போதும்" என்று கையேட்டிலேயே அச்சிடச் சொல். தண்ணீர் நிரப்பும் இடத்தைச் சுற்றிக்காட்டலின் முதல் நிறுத்தமாக்கு.

இப்போது கைவேலை. என்னைக் கேட்டால் நாளின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம். அவர்கள் தூரிகை எழுத்துக்கலை கற்றுத்தருகிறார்கள், உங்கள் தமிழ் வகுப்பு கோலம் சொல்லித்தருகிறது என்று எழுதியிருந்தாய். அருமையான ஜோடி, இரண்டுக்குமே பேச்சு அதிகம் வேண்டாம். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே, 40 நிமிடம் கழித்து இடம் மாற்று. மாறவும் கை கழுவவும் 10 நிமிடம் தனியாக விடு.

எழுத்துக்கலைக்கான ஹான்ஷி தாள் ஏறத்தாழ 24க்கு 33 சென்டிமீட்டர், சருகுபோல் மெல்லியது. நம் வகுப்பறை மின்விசிறி சுழன்றால் நூறு தாளும் பறக்கும். அவர்கள் ஊரில் மேலே வைக்க உலோகக் கட்டை வைத்திருப்பார்கள், அத்தனையையும் பெட்டியில் சுமந்துவரச் சொல்வது அநியாயம். 30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் 40 எடுத்து வை. ஆளுக்கு ஐந்து தாள் கணக்கில் 800 தாள் வேண்டும். தூரிகை இருவருக்கு ஒன்று போதும், ஒருவர் எழுதும்போது மற்றவர் பார்க்கட்டும். அடியில் தடித்த துணி இல்லையென்றால் நான்கு மடிப்பு செய்தித்தாள். மையில்தான் ஆபத்து. வழக்கமான கறுப்பு மை துணியில் பட்டால் போகவே போகாது, உங்கள் சீருடையோ வெள்ளை. துவைத்தால் போகும் மை என்றே தனியாக விற்கிறார்கள், அதைக் கொண்டுவரச் சொல். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் பெட்டியில்தான் வரும், இரட்டைப் பையில் கட்டச் சொல். எழுதிய தாள்கள் காய ஒரு கயிறும் துணிக் கிளிப்புகளும் தயாராக இருக்கட்டும். ஈரத்தோடு அடுக்கினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கோலத்துக்கு 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை. மொத்தம் 37 புள்ளி. இடைவெளி 10 சென்டிமீட்டர் வைத்தால் 60 சென்டிமீட்டர் அகலத்தில் அடங்கும். புள்ளிகளை முதல் நாளே சாக்குக்கட்டியால் வைத்துவிடு. விரலிடுக்கில் மாவை விட்டுக் கோடு இழுப்பது 40 நிமிடத்தில் வராது, கோடும் சாக்குக்கட்டியிலேயே போடட்டும். வண்ணப்பொடி மட்டும் கையால். குழுவுக்கு அரைக் கிலோ தாராளம். கூரை போட்ட நடைபாதையாகப் பார், ஆனால் காற்று வரும் முனையை விட்டுவிடு.

சாப்பாட்டில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது ஒவ்வாமை. ஜப்பானில் இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, வால்நட், பக்வீட் தானியம் போன்றவற்றை உறைமேல் அச்சிட்டே ஆகவேண்டும், பிள்ளைகள் அதை வாசித்துப் பழகியவர்கள். நம் சிற்றுண்டிச்சாலையில் உறை ஏது? சம்பால் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கும், அது இறால். சாத்தே குழம்பில் நிலக்கடலை. கடைக்காரர்களிடம் கேட்டு ஒவ்வோர் உணவுக்கும் அட்டை எழுதி வை. ஒவ்வாமை உள்ளவர்களின் பட்டியலை அவர்களுடைய செவிலி ஆசிரியரிடமிருந்து இரண்டு வாரத்துக்கு முன் வாங்கு. இரண்டாவது பணம். எல்லோர் கையிலும் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுதான் இருக்கும், சில்லறை கிடைக்காமல் வரிசை நின்றுவிடும். 5 வெள்ளிச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்துப் பிறகு கடைகளோடு கணக்கு முடி. மூன்றாவது, அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலேயே தட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு என்று தெரியாமல் மாற்றி வைத்துவிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் கூடவே போகவேண்டிய இடம் அதுதான்.

அன்பளிப்பாக இனிப்பு கொண்டுவருகிறோம் என்றால் எழுதுபொருள் போதும் என்று சொல்லிவிடு. ஜெலட்டின், மதுச்சாறு என்று உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முஸ்லிம் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

கலந்துரையாடல் நேரம்தான் எல்லோருக்கும் பயம். "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டால் 78 பேரும் தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற தயக்கம், பக்கத்திலிருப்பவரைக் கேட்காமல் தனியாகப் பதில் சொல்வதில் கூச்சம். கேள்விகளை முன்தினமே தாளில் கொடு. நால்வராக உட்கார்ந்து இரண்டு நிமிடம் எழுதட்டும், பிறகு பேசட்டும். கேள்வி கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்: "பள்ளி விட்டதும் எத்தனை மணி வரை எங்கே இருப்பாய்?" என்பது ஓடும், "கலாசாரம் என்றால் என்ன?" என்பது ஓடாது. உங்கள் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொல்: கேட்டுவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இரு. நம் பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் கஷ்டம்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிக்கொண்டு வருவார்கள். 2026 ஜனவரியிலிருந்து நம் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் கைப்பேசிக்கு இடமில்லை. விருந்தினர் கையில் போன், நம் பிள்ளை கையில் ஒன்றுமில்லை என்றால் முறுமுறுப்பு வரும். குழுவுக்கு ஒரு பள்ளிக் கற்றல் சாதனம் என்று முதல்வரிடம் ஒப்புதல் வாங்கிவிடு.

புறப்படும் முன் பத்து நிமிடம் அறைகளைச் சேர்ந்து துப்புரவு செய்யவிடு. விருந்தாளியிடம் துடைப்பத்தைக் கொடுப்பதா என்று உங்கள் பள்ளியில் முகம் சுளிப்பார்கள். அங்கே அது தினசரி வேலை. இங்கும் 2016இல் கல்வி அமைச்சு அறிவித்ததிலிருந்து எல்லாப் பள்ளியிலும் உண்டு. மை சிந்திய மேசையும் கோலப்பொடி நடைபாதையும் எப்படியும் சுத்தமாக வேண்டும். காலையில் தயங்கிய பிள்ளைகள் அந்த நேரத்தில் ஆளுக்கொரு துணியோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதைக் கையேட்டில் சேர்க்கச் சொன்னால் அவர்கள் ஆசிரியருக்கும் மகிழ்ச்சிதான்.

பேருந்து 2 மணிக்கு என்றால் 1.55க்கே எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஐந்து நிமிடம் முன்னதாக வருவது அவர்களுக்குச் சரியான நேரம். வழியனுப்பலை 1.40க்கே தொடங்கிவிடு.

உங்கள் மண்டபத்தின் அளவையும் தேர்வு அட்டவணையையும் எனக்கு அனுப்பு. 39 குழுக்களின் சுழற்சியைக் கட்டம் போட்டுத் தருகிறேன். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வாசுகி