‘பேரண்ட்ஹுட்’ தொடரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பையன் விஷயத்தைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னது, தங்கச்சி அழுதது, ராத்திரி தூக்கம் வராமல் நீ எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம். அப்படிப் பார்ப்பதாக இருந்தால் ‘பேரண்ட்ஹுட்’ பார். அமெரிக்கத் தொடர், 2010இல் தொடங்கி 2015 வரை ஆறு சீசன், மொத்தம் 103 எபிசோட்.

இதே பெயரில் 1989இல் ஒரு படம் வந்தது. ரான் ஹோவர்ட் இயக்கம், ஸ்டீவ் மார்ட்டின் நடிப்பு, நல்ல நகைச்சுவைப் படம். மகனுக்கு மனசளவில் பிரச்சினை இருக்கிறது என்று பள்ளியில் சொல்லிவிட, பிறந்தநாள் விழாவுக்கு வரவேண்டிய ஆள் வராமல் போனதும் அப்பாவே வீட்டில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கௌபாய் வேஷம் போட்டு நிற்பார். சிரிப்பும் வரும், அந்த மனுஷனின் பதற்றமும் தெரியும். மறு வருஷமே அதைத் தொடராக்கினார்கள், நிற்கவில்லை. இருபது வருஷம் கழித்து ஜேசன் கேட்டிம்ஸ் எடுத்த பிறகுதான் பிடித்துக்கொண்டது. ஆட்கள் வேறு, ஊர் வேறு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிரேவர்மேன் என்று ஒரு பெரிய குடும்பம், வயதான அப்பா அம்மா, நான்கு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மூத்தவன் ஆடமின் மகன் மேக்ஸுக்கு ஆஸ்பெர்கர், அதாவது ஆட்டிசத்தில் ஒரு வகை, என்று முதல் சில எபிசோடுகளிலேயே தெரிந்துவிடுகிறது. கேட்டிம்ஸின் சொந்த மகனுக்கும் அது உண்டு, அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, எந்த இடத்திலும் பொய் இல்லை.

இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். இங்கே அந்த அவசரம் கிடையாது. மேக்ஸ் ‘சரியாகி’விடுவதில்லை, வளர்கிறான், அவ்வளவுதான், அவனோடு சேர்ந்து அப்பா அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அவன்மேல் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் நொந்துபோகிறார்கள். ஐந்தாவது சீசனில் ஒரு காட்சி. பள்ளிச் சுற்றுலாவில் ஏதோ நடந்து, பாதியிலேயே அவனை அழைத்துக்கொண்டு காரில் திரும்புகிறார்கள். பின்சீட்டிலிருந்து அவன் கேட்கிறான், ஆஸ்பெர்கர் இருந்தால் புத்திசாலியாக இருப்பேன் என்றார்களே, அப்படியென்றால் அவர்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஏன் புரியவில்லை என்று. அம்மா கிறிஸ்டினா ஒன்றும் பேசாமல் முன்சீட்டிலிருந்து பின்னால் தாவிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். மோனிகா பாட்டர் அந்த வேஷத்தில் நடிக்கிற மாதிரியே இல்லை, பெற்றவள் மாதிரியே இருக்கிறார்.

முழுக்க அழுகை என்று நினைத்துக்கொள்ளாதே. சாப்பாட்டு மேஜையில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாது, ஆனால் கேட்க அவ்வளவு சுகம். ஆடமின் தங்கை சாராவாக வரும் லாரன் கிரஹாமும் அவள் மகள் ஆம்பரும் மோதிக்கொள்கிற காட்சிகள் தனி ருசி. குறையும் உண்டு. இன்னொரு தங்கை ஜூலியாவும் அவள் கணவன் ஜோயலும் பிரிவதை வலிந்து நுழைத்த மாதிரி இருக்கும், அங்கே எனக்குப் பொறுமை போய்விட்டது.

தங்கச்சியையும் கூட உட்கார வைத்துக்கொள். முதல் எபிசோடில் ஆடம் தன் அப்பாவிடம் போய் மகனைப் பற்றிச் சொல்லி, நீங்கள் எனக்குத் துணையாக இருக்கவேண்டும் என்று கேட்கிற இடம் வரும். முரட்டுக் கிழவர் அதைக் கேட்டுக்கொள்கிற முகத்தைக் கவனி. நீ இன்னும் உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய் இல்லையா, சொல்லிவிடு. அவர் தாங்குவார், எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. வரச்சொன்னால் வருகிறேன்.

உன் நண்பன்