20 லிட்டர் போதும் என்று எழுதிக்கொடுத்தது உங்கள் ஆள்தான்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வெளிச்சுவர் பெயிண்டுக்குத் தவறான அளவு கொடுத்ததால் ஏற்பட்ட நஷ்டம் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் ஹெல்ப்லைனில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து கதை கேட்கிறார், “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் மேடம்” என்று வைத்துவிடுகிறார். இனி வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மகளுக்குத் தலை தீபாவளி. அதற்குள் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று, இலவசமாக அளந்து தருவதாகச் சொன்ன உங்கள் விளம்பரத்தைப் பார்த்து ஆளை வரச்சொன்னேன். சாத்தூர் வெயிலுக்குப் பயந்தோ என்னவோ, வந்தவர் தெருவில் நின்றபடியே லேசர் கருவியைச் சுவரில் அடித்து, செல்போனில் தட்டி, தாளை நீட்டினார். 1,800 சதுர அடி, 20 லிட்டர், ஒரே வாளி. எங்கள் பெயிண்டர் அப்போதே “பத்தாதுக்கா” என்றார். “தயாரிக்கிற கம்பெனிக்குத் தெரியாதா?” என்று உங்கள் ஆள் அவர் வாயை அடைத்தார்.

உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழவழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி என்று வாளியில் அச்சடித்திருப்பது நீங்கள்தான். 60-ஆல் வகுத்தாலே 30 லிட்டர், 50-ஆல் வகுத்தால் 36. தாளில் மட்டும் லிட்டருக்கு 90 எப்படி வந்தது? அது ஒரு கோட்டுக் கணக்கு. அதே தாளின் அடியில் ‘இரண்டு கோட்டு அவசியம்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இதில் எங்கள் வீடு ஸ்பாஞ்ச் பூச்சு, கையை வைத்தால் சொரசொரக்கும், பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சன்ஷேடின் மேல்பக்கம், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் எதுவும் கணக்கில் இல்லை. தெருவில் நின்றால் எப்படித் தெரியும்?

முதல் கோட்டே முடியவில்லை, வாளி காலி. பிறகு இரண்டு 10 லிட்டர், கடைசியில் ஒரு 4 லிட்டர். ஆக மொத்தம் 44.

“எப்படியும் வாங்கியிருக்க வேண்டிய பெயிண்ட்தானே மேடம், இதுல என்ன நஷ்டம்?” என்று கேட்டார் உங்கள் ஹெல்ப்லைன் தம்பி. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். “வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க, கணக்கு சொன்னா புரிஞ்சுக்குவாங்க” என்றார். 1,800-ஐ 60-ஆல் வகுக்க ஆம்பளை வேண்டுமா? அதோடு விட்டாரா? “மீதி பெயிண்ட் உங்க பெயிண்டர் வீட்டுச் சுவர்ல இருக்கும், போய்ப் பாருங்க” என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெயிண்டர் பக்கத்தில்தான் நின்றார். அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற குடும்பம். பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் போனவரைத் திரும்ப அழைத்துவர நான் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

நஷ்டம் என்னவென்று கேட்டீர்களே. எல்லா வாளியையும் ஒரே நேரத்தில் வாங்கியிருந்தால் டிரம்மில் ஒன்றாகக் கலந்து அடித்திருப்போம். வேறு வேறு பேட்சில், வேறு வேறு நாளில் மிஷினில் கலந்ததால், ஒரே ஷேட் நம்பராக இருந்தும் நிறம் ஒத்துவரவில்லை. வாசல் சுவரே கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எங்கள் மானமே போயிற்று. இந்த ஜென்மத்துக்கு அதை மறக்க முடியாது.

பேட்ச் நம்பர் தெரியும்படி காலி வாளியை உங்கள் மதுரை டிப்போவுக்குக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். பஸ்ஸில் வாளிக்கு லக்கேஜ் டிக்கெட் வேறு. அங்கே வாட்ச்மேன், “இது லோடு ஏத்துற இடம்மா, புகாரெல்லாம் வாங்க மாட்டாங்க” என்று கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சாரம் வாடகையைச் சொல்ல விட்டுவிட்டேன். பெயிண்ட் வரும்வரை சாரம் சும்மா நின்றது, ஆட்களும் சும்மா உட்கார்ந்தார்கள். கூலி நான் கொடுத்தேன்.

தயவுசெய்து வாசல் சுவரை ஒரே பேட்ச் பெயிண்டில் உங்கள் செலவில் அடித்துக்கொடுங்கள். சாரம் வாடகையும் வீணான கூலியும் தர வேண்டும். பில், தாள், வாளியின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். பெரிய கம்பெனி, நல்லபடியாக முடித்துக்கொள்வீர்கள் என்றே இன்னமும் நம்புகிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதும் விசாரித்தாயிற்று.

பெயிண்டரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். போன் செய்ய வேண்டாம், அந்தத் தம்பியை விட்டு நிச்சயம் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
சாத்தூர் வாடிக்கையாளர்