உன் பேரன் பார்க்கும் லாக்

தூத்துக்குடி

அன்புள்ள சேதுராமனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோயில் வரை நடந்து போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதியாயிற்று. இங்கே மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலவென்று இருக்கிறது. அவள் தூங்கும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

பேரன் இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து “லாக் பார்க்க வேண்டும்” என்கிறான், நான் பள்ளியில் காலமெல்லாம் நடத்திய லாக் டேபிளுக்கும் அதற்கும் ஏதாவது உறவு உண்டா என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. உன்னுடையது 1614இல் ஜான் நேப்பியர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கிய லாகரிதத்தின் சுருக்கம். பேரனுடையது, கணினி தன் வேலைகளை வரிசையாகக் குறித்து வைக்கும் பதிவேடு, எங்கள் கப்பல் சொல். ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. அந்தக் கட்டையேதான்.

பாய்மரக் காலத்தில் நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று எப்படி அறிவது? கரை இல்லை, மைல்கல் இல்லை. ஆங்கிலேய மாலுமிகள் பின்புறத்திலிருந்து ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் எறிந்தார்கள். வட்டத்தில் கால்பங்கு வடிவில் ஒரு பலகை. நிமிர்ந்து மிதப்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அது தண்ணீரைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், கப்பல் விலகிப் போகும், உருளையிலிருந்து கயிறு ஓடும். ஒருவர் உருளையைத் தூக்கிப் பிடிப்பார், ஒருவர் கயிற்றைக் கையால் விடுவார், ஒருவர் மணற்கடிகாரத்தோடு நிற்பார். பலகை கப்பலின் நீர்ச்சுழலைத் தாண்டும் தூரத்தில் கயிற்றில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அது கையைக் கடந்ததும் “திருப்பு” என்று குரல் வரும். மணல் தீர்ந்ததும் “நிறுத்து”. அதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்பதுதான் வேகம். கயிற்றைச் சுண்டினால் பலகையின் முளை கழன்று அது மட்டமாகப் படுத்துவிடும், இழுப்பது எளிது.

கணக்கு வாத்தியாருக்கு இதுதான் பிடிக்கும்: முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம், மணல் ஓடும் நேரம் 28 விநாடி. ஒரு மணிக்கு ஆக்கிப் பார், 6,075 அடி வரும். கடல் மைல் இன்று 1.852 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 6,076 அடி. ஆக, ஒரு முடிச்சு என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். நாங்கள் இன்றும் கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வது அந்த முடிச்சைத்தான். ஒலியலையால் வேகம் அளக்கும் இன்றைய கருவிக்கும் டாப்ளர் லாக் என்றுதான் பெயர். அதில் மரமும் இல்லை, கயிறும் இல்லை.

அளந்த வேகத்தை, திசையையும் காற்றையும் சேர்த்து, முதலில் பலகையில் சுண்ணக்கட்டியால் குறிப்பார்கள். பிறகு மையால் புத்தகத்தில் ஏற்றுவார்கள். கட்டையின் பெயர் புத்தகத்துக்கு வந்தது, புத்தகத்தின் பெயர் அதில் எழுதும் செயலுக்கு வந்தது. விமானிக்கு, அணுஉலைக்கு, ஆய்வுக்கூடத்துக்கு என்று அது பரவிய கதையை நீட்டவில்லை. இணையத்தில் அன்றாடம் குறித்து வைப்பதை 1997இல் வெப்லாக் என்றார்கள், தலையை வெட்டி பிளாக் ஆக்கினார்கள், நாம் வலைப்பூ என்கிறோம். உன் பேரன் காலையில் ‘லாகின்’ செய்கிறானே, அதிலும் வருகைப் பதிவேட்டின் வாசம்தான்.

கணினிக்காரர்களின் லாக் புத்தகங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1947 செப்டம்பர் 9ஆம் தேதிப் பக்கம். அமெரிக்கக் கடற்படைக்காக ஹார்வர்டில் கட்டிய மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில், ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. இயந்திரக் கோளாறை ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி என்பார்கள். இயக்கியவர்கள் அதை எடுத்து எறியவில்லை. ஒட்டுநாடாவால் புத்தகத்திலேயே ஒட்டி, மணி 15:45 என்று குறித்து, பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதினார்கள். பூச்சியோடு அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டதைக் கண்ட நேரத்தில் கண்டபடி வைத்தார்கள். லாக் என்றால் அதுதான், சேது.

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. கப்பல் லாகில் அழிக்கக்கூடாது. தவறினால் குறுக்கே ஒரு கோடு, பழைய எழுத்து படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். அரிசி ஏற்றிவரும்போது சரக்கறைக்குக் காற்று விட்ட நேரம், மூடிய நேரம், மூடிய காரணம் எல்லாம் எழுதியாக வேண்டும். மூட்டை நனைந்து துறைமுகத்தில் வழக்கு வந்தால் கப்பலுக்குச் சாட்சி அந்த நான்கு வரிகள்தான். பார்க்காத காற்றைப் பார்த்ததாக, வாட்ச் என்னும் காவல்முறை முடிகிற நேரத்தில் நான்கு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பும் இளைஞர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொங்கும். ஒருவனை மறுபடி வெளியே அனுப்பிக் காற்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். கடுமைதான், ஆனால் சரியான கடுமை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துபோன வழியெல்லாம் காற்றையும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் லாகில் எழுதி வந்தன. 1789 முதல் 1834 வரையிலான அந்தப் பக்கங்களிலிருந்துதான் அக்காலத்துக் கடலின் தட்பவெப்பத்தை ஆய்வாளர்கள் இப்போது கணக்கிடுகிறார்கள். எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நோக்கமே கிடையாது. முறையாக எழுதினார்கள், அவ்வளவே.

பேரனிடம் ஒன்று கேட்டு எழுது. அவர்கள் லாகில் இயந்திரமே நேரம் போட்டு வரி வரியாக எழுதிக்கொள்கிறது என்கிறார்கள். யாராவது பின்னால் புகுந்து ஒரு வரியை மாற்றினால் அது தெரியவருமா? எப்படித் தெரியும்? விவரமாகச் சொல்லச் சொல், எனக்குப் புரியும். பிரசவம் முடிந்து பேத்திக்கோ பேரனுக்கோ பெயர் வைக்கும்போது நீயும் தங்கச்சியும் வந்து நாலு நாள் தங்க வேண்டும். மாடிப்படி ஏற வேண்டியதில்லை, கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
பீட்டர்