நோன்பு என்னும் ஒரே சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லா மதங்களும் நோன்பின் வழியாக ஒன்றையே போதிக்கின்றன என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

ரமலான் மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மா மாலைதோறும் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். ஏகாதசியன்று அரிசி சேர்ந்த எதையும் நான் தொடமாட்டேன் என்பதால், அன்று மட்டும் நிறுத்தி, மறுநாள் கூடுதலாக அனுப்புவார். "பகலில் தண்ணீர் குடித்தால் அது எப்படித் தம்பி நோன்பாகும்?" என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றபோதுதான் எங்கள் இருவரின் நோன்பும் வேறு வேறு என்பது எனக்கே விளங்கியது. அவருக்கு அது இறைவன் விதித்த கடமை, இறையச்சம் பெறுவதற்கென்று குர்ஆன் கூறுவது. நோயாளியும் பயணியும் விட்ட நாட்களைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும். எனக்கோ அது பெருமாளை நினைந்து நானாக ஏற்கும் விரதம்.

சமணர்களின் உண்ணாநோன்பு இன்னும் தொலைவில் நிற்கிறது. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதையே ஏற்காத அவர்களுக்கு, வினை என்பது உயிரில் ஒட்டிக்கொள்ளும் நுண்பொருள். அதை உதிர்க்கும் தவமே நோன்பு. புத்தரோ உடலை வருத்தும் கடும் பட்டினியைச் செய்து பார்த்து, பயனில்லை என்று கைவிட்டவர். பௌத்தத்தின் ஒரு பிரிவான தேரவாதத்தின் துறவிகள் நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பது ஒழுக்க விதி மட்டுமே. கத்தோலிக்கர் சாம்பல் புதனன்று ஒருவேளை மட்டும் முழு உணவு கொண்டு தவக்காலத்தைத் தொடங்குகிறார்கள். மீட்பு என்பது விசுவாசத்தால் பெறும் கொடையே தவிர, நோன்பு முதலிய செயல்களால் ஈட்டுவதன்று என்றார் சீர்திருத்தக் கிறித்தவத்துக்கு வித்திட்ட மார்ட்டின் லூதர். சீக்கிய குருமார்கள் நோன்பை வலியுறுத்தவே இல்லை. அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவிடும் லங்கரையே போற்றினார்கள்.

மனிதனுக்கு என்ன குறை, அது எதனால் தீரும் என்ற கேள்விக்கே இவர்கள் தரும் விடைகள் வேறுபடுகின்றன. அந்த விடைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பசித்திருந்தவர்களிடம் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது, அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்குச் சமம் என்று நான் கருதுகிறேன். பண்டிகை நாட்களில் வழக்கமான வாழ்த்துகளோடு, அந்தந்தச் சமயத்தைக் கடைப்பிடிப்பவர்களைக் கொண்டே, தம் வழி மற்றவற்றிலிருந்து எங்கே பிரிகிறது என்பதை மழுப்பாமல் எழுதச் செய்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருநெல்வேலி.